இயங்குதள வகைகள்: லினக்ஸை எந்த வகையில் சேர்ப்பது?

கேள்வி: பாடக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். கணினி அறிவியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காக இயங்குதளங்களைப் பற்றிய பாடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். என்னிடம் உள்ள மூன்று பாடநூல்களும் இயங்குதள வகைகளைப் பட்டியலாகவே தருகின்றன. தொகுதிச் செயலாக்கம், பல்பணி, நேரப் பகிர்வு, பல்பயனர், நிகழ்நேரம், வலையமைப்பு, பரவல் என்று ஒரு நூல் ஏழு வகைகளைச் சொல்கிறது. மற்றொன்று ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு வரி விளக்கம், நான்கு நிறைகள், நான்கு குறைகள் என்ற அமைப்பு மூன்றிலும் மாறவில்லை.

இதை அப்படியே வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "லினக்ஸ் இவற்றுள் எந்த வகை?" என்று கேட்டார். நேரப் பகிர்வு என்றேன். "பல்பயனர் என்ற தலைப்பின் கீழும் லினக்ஸ் என்றுதானே எழுதியிருக்கிறது? அடுத்த பக்கத்தில் நிகழ்நேரத்திலும் லினக்ஸின் பெயர் வருகிறதே?" என்று அவர் தொடர்ந்து கேட்டபோது என்னிடம் சரியான விடை இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன்.

எனக்குத் தெளிவாக வேண்டியவை மூன்று. பல்பணியும் நேரப் பகிர்வும் ஒன்றுதானா? நிகழ்நேர இயங்குதளம் என்பது மிக வேகமான இயங்குதளம் என்று சொல்லிக்கொடுப்பது சரியா? தொகுதிச் செயலாக்கம் என்பது வரலாற்றுக்காக மட்டும் படிக்க வேண்டிய ஒன்றா, இன்றும் எங்கேனும் இருக்கிறதா?

மறுமொழி 1: ஷெல்நிழல்

வணக்கம். உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஒருவரை ஆசிரியர் என்றும், இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றும், உயரமானவர் என்றும் சொன்னால் மூன்றும் ஒரே ஆளுக்குப் பொருந்தும், ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். பாடநூல்களின் பட்டியலும் இப்படித்தான் பல கேள்விகளின் விடைகளை ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது. எத்தனை பேருடைய கோப்புகளையும் உரிமைகளையும் பிரித்துக் காக்கிறது என்று கேட்டால் ஒருபயனர், பல்பயனர் என்ற பிரிவு கிடைக்கும். ஒரே வேளையில் எத்தனை நிரல்கள் நடப்பில் இருக்கலாம் என்று கேட்டால் ஒருபணி, பல்பணி. பிராசசரின் நேரத்தை யாருடைய வசதிக்காகப் பங்கிடுகிறது என்று கேட்டால் தொகுதி, நேரப் பகிர்வு, நிகழ்நேரம். எத்தனை இயந்திரங்களை ஆள்கிறது என்று கேட்டால் வலையமைப்பு, பரவல். ஒரே இயங்குதளத்திடம் இந்த நான்கு கேள்விகளையும் கேட்கலாம். நான்கு விடைகளும் கிடைக்கும்.

நான் இந்தப் பாடத்தைச் சொல்ல நேரும்போது, அந்தந்தக் காலத்தில் எது விலை உயர்ந்ததாக இருந்தது என்ற ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போவேன். 1950களில் விலை உயர்ந்தது இயந்திரத்தின் நேரம். ஒருவருடைய நிரல் முடிந்து, அடுத்தவர் தம் துளையட்டைகளை வைத்து, நாடாவை மாற்றி, பொத்தான்களைச் சரிசெய்து முடிக்கும் வரை அத்தனை பெரிய இயந்திரம் சும்மா நிற்கும். அந்த இடைவெளியைப் போக்குவதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து 1956இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஒரு கட்டுப்பாட்டு நிரலை எழுதின. ஒரு பணி முடிந்தவுடன் அடுத்த பணியைத் தானாகவே ஏற்றித் தொடங்குவதுதான் அதன் முதன்மையான வேலை. இப்படிப் பணிகளை மொத்தமாக வரிசையில் வைத்து ஓட்டுவதே தொகுதிச் செயலாக்கம். இயங்குதளம் என்ற சொல்லுக்குத் தகுதியான முதல் மென்பொருள்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

அடுத்து, ஒரு நிரல் நாடாவிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும்போது பிராசசர் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பல நிரல்களை ஒன்றாக நினைவகத்தில் வைத்து, ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்றை ஓடவிடும் முறை அதிலிருந்து பிறந்தது. பல்பணியின் வேர் அதுதான். கவனியுங்கள், இந்தக் கட்டத்திலும் எந்த மனிதரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விடைக்காகக் காத்திருக்கவில்லை.

மனிதருடைய நேரமும் விலை உயர்ந்ததுதான் என்று எண்ணத் தொடங்கிய இடத்தில் நேரப் பகிர்வு வருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரு நிரல் காத்திருக்கிறதோ இல்லையோ, குறித்த சிறு நேரம் கழிந்ததும் கடிகாரக் குறுக்கீடு, அதாவது ஓடும் நிரலை இடைநிறுத்தும் வன்பொருள் சமிக்ஞை, வரும். அந்த நிரலிடம் கேட்காமலேயே பிராசசர் அடுத்தவருடைய நிரலுக்குப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தமக்கே உரியது போலத் தோன்றும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை இது: நேரப் பகிர்வு எல்லாமே பல்பணிதான், ஆனால் பல்பணி எல்லாமே நேரப் பகிர்வு ஆகாது.

இந்த வேறுபாட்டைக் கைக்கு எட்டும் தூரத்தில் காட்ட வேண்டுமானால் விண்டோஸ் 3.1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல நிரல்களைத் திறந்து வைக்கலாம், ஆனால் விண்டோஸ் நிரல்களைப் பொறுத்தவரை ஒரு நிரல் தானாக இடம் கொடுத்தால்தான் மற்றொன்று ஓடும். ஒரு நிரல் முடிவில்லாச் சுழலில் சிக்கினால் திரையில் மணற்கடிகாரம் நிற்கும். மற்ற சாளரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒன்றையும் தொட முடியாது. 1993இல் வந்த விண்டோஸ் என்டியும், 32 பிட் நிரல்களுக்கு விண்டோஸ் 95உம் கடிகாரக் குறுக்கீட்டைக் கொண்டு நிரலிடமிருந்து பிராசசரைப் பறித்துக்கொள்ளும் முறைக்கு மாறின. மேக் கணினிகளுக்கு அந்த முறை முழுமையாக வந்தது 2001இல், மேக் ஓஎஸ் எக்ஸுடன். பெரிய கணினிகளில் 1961இலேயே இருந்த ஓர் ஏற்பாடு, வீட்டு மேசைக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். வகைகள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரவில்லை என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். 1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் ஒருபயனர், ஒருபணி இயங்குதளமாக இருந்ததற்குக் காரணமும் அறியாமை அன்று. அதை ஓட்டிய சிறிய கணினியில் ஒரு நிரலின் நினைவகத்தை மற்றொன்றிடமிருந்து காக்கும் வன்பொருள் ஏற்பாடே கிடையாது.

மறுமொழி 2: நொடிப்பிசகு

நிகழ்நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் என் அன்றாட வேலை. நிகழ்நேரம் என்றால் மிக வேகம் என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்க வேண்டாம். அந்த ஒரு தவறான வரியைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அதை மறக்கவைக்க நாங்கள் மிகவும் பாடுபட வேண்டியிருக்கிறது. நிகழ்நேரம் என்பது காலக்கெடுவைப் பற்றியது. விடை சரியாக இருந்தாலும், கெடுவுக்குப் பின் வந்தால் அது தவறான விடை என்று கொள்ளப்படும். மோதலின்போது விரிய வேண்டிய காற்றுப்பை சில பத்து மில்லி விநாடிகளுக்குள் விரிய வேண்டும். அரை விநாடி கழித்து விரிந்தால் எந்தப் பயனும் இல்லை. வேதிக்கலனின் வெப்பநிலையைப் பத்து விநாடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற அமைப்பும் நிகழ்நேர அமைப்புதான், அந்தப் பத்து விநாடி ஒருபோதும் தவறக்கூடாது என்றால். சாதாரண இயங்குதளம் சராசரியைக் குறைக்கப் பார்க்கும். நிகழ்நேர இயங்குதளம் மிக மோசமான ஒரு தடவையில் எவ்வளவு தாமதம் ஆகும் என்பதற்கு வரம்பு கட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய கணினிப் பலகையிலிருந்து, துடிப்புக்கு ஒரு படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும் நிரலை எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்தால் விநாடிக்கு ஆயிரம் துடிப்புகள் மிகச் சரியாக இருந்தன. ஆனால் அரை மணி நேரம் ஓடிய பின் மோட்டார் நிற்க வேண்டிய இடத்திலிருந்து விலகி நின்றது. மின்துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை இணைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த துடிப்புகள், பதிவேட்டுக் கோப்பு நினைவக அட்டையில் எழுதப்படும் வேளையில் சட்டென நின்றன. பின்பு விட்டுப்போன துடிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஒரே கொத்தாக வந்தன. அந்த வேகத்துக்கு மோட்டாரால் ஈடுகொடுக்க முடியாமல் சில படிகளை விட்டுவிட்டது. எண்ணிக்கையில் ஒரு துடிப்பும் குறையவில்லை, வந்த நேரம்தான் பிசகியது. துடிப்பு அனுப்பும் வேலையை ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய நிகழ்நேர இயங்குதளம் ஓடும் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்திக்கு மாற்றி, திரையையும் வலையமைப்பையும் லினக்ஸிடமே விட்டுவிட்டேன். அதன் பிறகு அந்த மோட்டார் விலகவில்லை.

நிகழ்நேர இயங்குதளத்தை வாங்கிப் போட்டாலே போதும் என்பதும் இல்லை. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் ஓடியது. இறங்கிய சில நாட்களில் அந்தக் கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவைத் திரட்டும் முன்னுரிமை குறைந்த பணி ஒன்று, ஒரு வேளையில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பொதுவான ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தரவுப் பாதையை நிர்வகிக்கும் முன்னுரிமை மிகுந்த பணி அதே பூட்டுக்காகக் காத்திருந்தது. இதற்கிடையில் நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்புப் பணி எழுந்து, தனக்குக் கீழே உள்ள வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்தது. பூட்டு விடுபடவில்லை, மேல்பணி கெடுவைத் தவறவிட்டது, ஏதோ பெரிய கோளாறு என்று கருதிக் கண்காணிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் இதே நிலையை உண்டாக்கிப் பார்த்து, பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை இயக்கும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அந்த வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் முன்பே இருந்தது. அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படாமல் இருந்தது, அவ்வளவே.

லினக்ஸின் பெயர் நிகழ்நேரத்தின் கீழ் வருவதற்கும் காரணம் உண்டு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் உள்ளேயே பெரும்பாலான இடங்களில் முன்னுரிமைப் பணிக்கு வழிவிடும்படி செய்யும் பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற மாற்றத்தொகுப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியாகவே வளர்ந்து, 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பில் முதன்மைக் கர்னலோடு சேர்ந்தது. அதை இயக்கிக் கர்னலைத் தொகுத்தால் பல தொழிற்சாலைப் பணிகளுக்குப் போதுமான நம்பகம் கிடைக்கும். ஆனாலும் உயிரைக் காக்கும் பிரேக் போன்றவற்றில், ஒவ்வொரு வரியையும் பார்த்துச் சான்றளிக்கத்தக்க சிறிய கர்னலையே இன்றும் நான் தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி 3: இரவுப்பணி

தொகுதிச் செயலாக்கம் இறந்துவிட்டது என்று எழுதும் நூல்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நான் பல ஆண்டுகளாக அதில்தான் வேலை செய்கிறேன். ஐபிஎம் 1964இல் அறிவித்த ஓஎஸ்/360இன் வழித்தோன்றலான இசட்/ஓஎஸ் இன்றும் பெரிய கணினிகளில் ஓடுகிறது. வட்டிக் கணக்கு, சம்பளப் பட்டியல், லட்சக்கணக்கான ரசீதுகள் ஆகியவற்றைப் பகலில் ஒவ்வொன்றாகச் செய்வதைவிட இரவில் மொத்தமாகச் செய்வதே சிக்கனமானது. எந்த நிரலை எந்தக் கோப்புகளோடு ஓட்டுவது என்று சொல்ல நாங்கள் எழுதும் ஜேசிஎல் கட்டளைகளின் ஒவ்வொரு வரியும் இரண்டு சாய்கோடுகளுடன் தொடங்குகிறது. கட்டளை 71ஆம் நெடுவரிசைக்குள் முடிந்துவிட வேண்டும் என்ற விதி, எண்பது நெடுவரிசைகள் கொண்ட துளையட்டையின் நினைவாக இன்னும் நீடிக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு உங்கள் மாணவிக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் ஆய்வாளர் யாரும் நேராக நிரலை ஓட்டிவிட முடியாது. இத்தனை கணுக்கள் (அந்தப் பெரிய கணினிக்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகள்) வேண்டும், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதி, ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாளரிடம் பணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கேட்ட நேரம் முடிந்தால் பணி பாதியிலேயே நிறுத்தப்படும். இது 1956இன் அதே ஏற்பாடுதான், காரணமும் அதே: இயந்திரத்தின் நேரம் மீண்டும் விலை உயர்ந்ததாகிவிட்டது.

மறுமொழி 4: கணுவழி

வலையமைப்பு, பரவல் என்ற இரண்டையும் யாரும் தொடவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று பயனருக்குத் தெரிந்திருந்தால் அது வலையமைப்பு இயங்குதளம். 1980களில் அலுவலகங்களில் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர உதவிய நாவெல் நெட்வேர் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பல கணினிகள் இருப்பதே பயனருக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே இயந்திரம் போலத் தோன்றினால் அது பரவல் இயங்குதளம். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டேனன்பாம் குழு உருவாக்கிய அமீபா அந்த வகையின் தூய வடிவம். அதில் கட்டளையைத் தட்டினால், அது எந்தப் பிராசசரில் ஓட வேண்டும் என்பதை அமைப்பே முடிவு செய்யும்.

ஆனால் அந்தத் தூய வடிவம் ஆய்வுக்கூடங்களைத் தாண்டிப் பரவவில்லை. உள்ளூர் நினைவகத்தைத் தொடுவதற்கும் வலையமைப்பின் வழியே கேட்பதற்கும் இடையிலான தாமத வேறுபாட்டையும், பாதி இயந்திரங்கள் பழுதாகிப் பாதி ஓடிக்கொண்டிருக்கும் நிலையையும் பயனரிடமிருந்து முழுவதும் மறைப்பது மிகக் கடினம் என்பதே காரணம் என்பது என் கருத்து. இன்று அந்த வேலையை, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே ஓடும் லினக்ஸின் மேல் கூபர்நெட்டீஸ் போன்ற மென்பொருள் அடுக்கு செய்கிறது. எனவே உங்கள் குறிப்பில் இந்த வகைக்கு இரண்டு பத்திகளுக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

மறுமொழி 5: பாடக்குறிப்பு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வகைகளைப் பட்டியலாகத் தருவதை விட்டுவிட்டு, ஷெல்நிழல் சொன்ன நான்கு கேள்விகளை மேலே எழுதி, ஒவ்வோர் இயங்குதளத்திடமும் அவற்றைக் கேட்கும் ஓர் அட்டவணையாகப் பாடத்தை மாற்றியிருக்கிறேன். நொடிப்பிசகு விவரித்த துடிப்பு நிகழ்வை அப்படியே படம் வரைந்து காட்டப் போகிறேன்.

அட்டவணையை நிரப்பும்போது ஓர் ஐயம் எழுந்தது. ஆண்ட்ராய்டுக்கு எதிரே "எத்தனை பயனர்?" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? கைபேசியை ஒருவர்தான் பயன்படுத்துகிறார். ஆனால் அதன் உள்ளே இருப்பது பல்பயனர் கர்னலான லினக்ஸ். ஒருபயனர் என்று எழுதினால் தவறாகுமா?

மறுமொழி 6: ஷெல்நிழல்

பல்பயனர் என்றே எழுதுங்கள். அந்தப் பயனர்கள் யார் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் 1969இல் தொடங்கிய காலத்திலிருந்து, ஒரு கணினியைப் பகிரும் மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் எண் கொடுப்பது அந்த மரபின் வழக்கம். முத்துவின் கோப்பை மாலா திறக்க முடியாது என்பதை அந்த எண்ணைப் பார்த்தே கர்னல் முடிவு செய்யும். ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் அதே ஏற்பாட்டை மனிதர்களுக்குப் பதிலாக ஆப்களுக்குக் கொடுத்தார்கள். பொதுவாக, நிறுவப்படும் ஒவ்வோர் ஆப்புக்கும் 10000இல் தொடங்கும் ஒரு தனிப் பயனர் எண் கிடைக்கிறது. விளையாட்டு ஆப் உங்கள் வங்கி ஆப்பின் கோப்பைத் திறக்க முயன்றால், முத்துவுக்கும் மாலாவுக்கும் இடையே நின்ற அதே சரிபார்ப்பு அதைத் தடுக்கும். ஆண்ட்ராய்டு அதற்கு மேலும் சில காவல்களை வைத்திருக்கிறது, ஆனால் அடித்தளம் இதுதான்.

வகுப்பில் இதை நேரில் காட்டலாம். கைபேசியைக் கணினியில் இணைத்து ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளை அனுப்பும் கருவி), ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் -ஏ (ps -A) கட்டளையை ஓட்டினால், முதல் நெடுவரிசையில் யூ0_ஏ123 என்பது போன்ற பெயர்கள் வரிசையாக வரும். முதல் பகுதி மனிதரையும் இரண்டாவது பகுதி ஆப்பையும் குறிக்கின்றன. கைபேசியின் அமைப்புகளில் இரண்டாவது பயனர் ஒருவரைச் சேர்த்து, அவர் பெயரில் அதே ஆப்பைத் திறந்து, கட்டளையை மறுபடியும் ஓட்டுங்கள். இப்போது யூ10_ஏ123 என்று இன்னொரு வரி இருக்கும். கர்னலுக்கு முதல் வரி 10123 என்ற பயனர், இரண்டாவது வரி 1010123 என்ற வேறொரு பயனர்.